கிராஞ்சியில் பெயர் இருக்கிறது, ஆள் எங்கே? பட்டாளக் குறிப்புகள் வழியாகப் பெரிய தாத்தாவைத் தேடுகிறேன்

ஈசூன் பேரன் | திங்கள், இரவு 10.12

வணக்கம். இங்கே பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். சேலம் ஜில்லாவிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து 1941-இல் மலாயாவுக்கு வந்தார். அதன்பிறகு வீட்டுக்கு வந்தவை இரண்டே: ஒரு கடிதம், ஒரு தந்தி. கடிதத்தைக் கறையான் தின்றுவிட்டது. தந்தியில் 'காணவில்லை' என்று இருந்ததாம். அண்ணனைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் என் தாத்தா 1948-இல் கப்பல் ஏறினார். இங்கே சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை கிடைத்தது, அப்புறம் கல்யாணம், பிள்ளைகள். அண்ணன் என்ன ஆனார் என்பது அவர் கண் மூடும்வரை தெரியவில்லை.

அப்பாவுக்கு இப்போது 75 வயது. பெரிய தாத்தாவுக்குத் திதி தெரியாததால் மகாளய அமாவாசை அன்று மட்டும் அவர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார். போன மாதம் அப்பாவைக் கிராஞ்சிப் போர்க் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக் கற்களை வரிசை வரிசையாக, ஒன்று விடாமல் படித்துக்கொண்டே போனார். வெயிலில் ஒரு மணி நேரம். எங்கும் இல்லை. கடைசியில் கைப்பேசியில் தூண் எண்ணைப் பார்த்து, மேலே நினைவுத்தூண்களில் பெயரைக் கண்டுபிடித்தோம். அப்பா எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேரு இங்க இருக்கு, ஆளு எங்கடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இணையப் பதிவில் இறந்த தேதி 1942 பிப்ரவரி 15 என்று இருக்கிறது. அந்தத் தேதியை நம்பலாமா? கல்லறை எங்காவது இருக்குமா? ஒரு தேடல் நிறுவனத்துக்கு 400 வெள்ளி கொடுத்தோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே பக்கத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தெம்பனிஸ் அக்கா | திங்கள், இரவு 11.05

தம்பி, அப்பா கேட்ட கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி. நான் அடிக்கடி கிராஞ்சிக்குப் போகிறவள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிராஞ்சியில் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பாதிச் செய்தி. கீழே சரிவில் இருப்பவை கல்லறைகள், 4,461 பேருக்கு. அதில் 850-க்கும் மேற்பட்டோர் யார் என்றே தெரியாதவர்கள். மேலே தூண்களில் இருப்பது சிங்கப்பூர் நினைவகம். 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், எல்லாரும் கல்லறை தெரியாதவர்கள். இவை இரண்டைத்தான் வருகிறவர்கள் பார்க்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, தகன நினைவகம். உடலை எரியூட்டியது பதிவான கிட்டத்தட்ட 800 பேருக்கு அது. பெரும்பாலும் பிரிக்கப்படாத இந்தியாவைச் சேர்ந்த வீரர்கள்.

உங்கள் பெரிய தாத்தா இந்து. முறைப்படி தகனம் நடந்து அது பதிவாகியிருந்தால் அவர் பெயர் மூன்றாவது இடத்தில் இருந்திருக்கும். தூணில் இருக்கிறது என்றால், புதைத்த இடமும் தெரியாது, எரித்ததும் தெரியாது என்று பொருள். அதனால் அப்பா கற்களுக்கு நடுவே தேடியது வீண் அலைச்சலாகிவிட்டது. அடுத்த முறை போகும்போது தொப்பியும் தண்ணீரும் எடுத்துப்போங்கள், அங்கே நிழல் குறைவு.

பழைய வரைபடம் | செவ்வாய், காலை 6.48

முதலில் அந்தத் தேதியைப் பற்றி. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் சரணடைந்த நாள். எப்போது, எங்கே செத்தார் என்று தெரியாத எத்தனையோ பேருக்கு, கணக்கை முடிப்பதற்காக அந்தத் தேதியையே போட்டுவிட்டார்கள். தூண்களைப் பார்த்தால் அத்தனை பேரும் ஒரே நாளில் இறந்தது போலத் தோன்றும். உண்மையில் அவர்களில் சிலர் டிசம்பரிலேயே ஜித்ராவில் இறந்திருக்கலாம், சிலர் 1943-இல் நியூகினியில் இறந்திருக்கலாம். அந்தத் தேதியை விடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்திய வீரர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, ஜப்பான்காரர்கள் இந்தியச் சிப்பாய்களைப் பேரர் பார்க் திடலில் திரட்டினார்கள். ஏறத்தாழ 45,000 பேர். பிரிட்டிஷ் அதிகாரிகளைத் தனியே சாங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். சாங்கி முகாமில் யார் இறந்தார், யார் காணவில்லை என்று விசாரித்து எழுதிவைக்க ஒரு பதிவுப் பிரிவே ரகசியமாக இயங்கியது. ஆனால் இந்திய வீரர்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருந்த அதிகாரி ஒரு பக்கம், அந்த வீரர்கள் இன்னொரு பக்கம். யார் யாரைக் கணக்கெடுப்பது?

ஆகவே பெயரை விட்டுவிட்டு அவருடைய பட்டாளத்தைப் பிடியுங்கள். தனி ஆள் காணாமல் போவார், ஒரு கம்பெனி அப்படிப் போகாது. அது எந்த நாளில் எந்தச் சாலையில் நின்றது என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

வீட்டில் மெடல் ஏதாவது உண்டா?

ஈசூன் பேரன் | செவ்வாய், பகல் 1.30

நன்றி அக்கா, நன்றி ஐயா. மூன்று இடங்கள் இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

மெடல் உண்டு. ஆறு முனை வைத்த வெண்கல நட்சத்திரம் இரண்டு. ஊரிலிருந்து தாத்தா கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பொட்டு வைப்பார்.

பழைய வரைபடம் | செவ்வாய், பகல் 1.52

திருப்பிப் பாருங்கள். பிரிட்டனில் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் இருக்காது. இந்தியாவில் வழங்கியவற்றில் பல பின்பக்கம் எண், பதவி, பெயர், பட்டாளச் சுருக்கம் பொறித்தவை. குங்குமமும் எண்ணெய்யும் படிந்திருக்கும், மெல்லிய துணியால் ஈரம் தொட்டுத் துடைத்தால் போதும். பாலிஷ் எதுவும் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும்.

இரண்டில் ஒன்று பசிபிக் நட்சத்திரமா, பர்மா நட்சத்திரமா என்றும் பாருங்கள். முன்பக்கமே எழுதியிருக்கும். ஒருவருக்கு இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பார்கள். மலாயாவில் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை நின்றவர்களுக்குப் பசிபிக்.

ஈசூன் பேரன் | செவ்வாய், இரவு 9.20

பசிபிக்தான். பின்னால் எண் இருக்கிறது, பெயரை ஏதோ மாதிரி எழுதியிருக்கிறார்கள், பதவி நாயக். கடைசியில் 'எஸ் அண்ட் எம்' என்று முடிகிறது. எண்பது வருடமாக மாடத்தில் இருந்த பொருள், ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

பழைய வரைபடம் | புதன், காலை 7.15

எஸ் அண்ட் எம் என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், இந்தியப் படையின் பொறியாளர் பிரிவு. அதில் சாதாரணச் சிப்பாய்க்குச் 'சாப்பர்' என்று பெயர், நாயக் என்பது கார்ப்பரலுக்குச் சமமான பதவி. சேலத்துக்காரர் என்பதால் மெட்ராஸ் சாப்பர்ஸ், பெங்களூரில் பயிற்சி எடுத்தவர். பாலம் கட்டுகிற, பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கிற படை. ஜப்பானியர்கள் மலாயாவின் வடக்கிலிருந்து இறங்கி வந்த அந்த எழுபது நாளும், பின்வாங்கிய ஒவ்வொரு பிரிகேடுக்கும் பின்னால் கடைசி ஆளாக நின்று பாலத்தைத் தகர்த்துவிட்டு வந்தவர்கள் சாப்பர்கள்தான். நம் ஆட்கள் கணிசமாக இருந்த படை அது. இதை இங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இப்போது செய்ய வேண்டியது: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடாமல் பட்டாளத்தைப் போட்டுத் தேடுங்கள். வரும் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சில பதிவுகளில் கம்பெனி எண்ணும் இருக்கும். உங்கள் பெரிய தாத்தாவின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கம்பெனியில் இறந்த எல்லாரையும் தேதி வரிசையில் அடுக்குங்கள்.

பெயரின் எழுத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆள் எடுத்த குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனுசாமி ஒரு தாளில் முனிசாமி, இன்னொன்றில் மூணசாமி. 'ழ' வந்தால் சொல்லவே வேண்டாம். எண் ஒன்றுதான் மாறாது. ஊர் பெயரைப் பார்க்கும்போதும் பழைய ஜில்லாக் கணக்கில் பாருங்கள், வடஆற்காடு, தென்ஆற்காடு, செங்கல்பட்டு என்று.

ஈப்போ வாத்தியார் | புதன், மாலை 5.40

வாசிக்க மனம் கனக்கிறது. ஒன்று கேட்கலாமா? என் பாட்டனார் பட்டாளத்துக்காரர் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அவருக்கு எண் இல்லை, மெடல் இல்லை. எந்தத் தூணில் தேடுவது?

உட்லண்ட்ஸ் 82 | புதன், மாலை 6.10

ஐயா, மன்னிக்கவும். இது பட்டாள வீரர்களைப் பற்றிய இழை. தோட்டத் தொழிலாளர் கதை வேறு, அதற்கு ஆவணங்களும் வேறு. இரண்டையும் கலந்தால் கேட்டவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

தெம்பனிஸ் அக்கா | புதன், மாலை 6.32

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தச் சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்திருப்பார்கள், அதில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நம் தமிழர்கள் அதில் எத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்ல ஒரு தாள்கூட இல்லை.

போர் முடிந்ததும் 1945 செப்டம்பர், அக்டோபரில் ஒரு கல்லறைக் குழு அந்தப் பாதை முழுக்கப் பயணம் செய்தது. 144 இடுகாடுகள், 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். எப்படி முடிந்தது? கைதிகள் உயிரைப் பணயம் வைத்து, செத்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் எழுதி ஒளித்துவைத்திருந்தார்கள். பட்டாளம் என்றால் எழுதிவைக்க ஒருவர் இருந்தார். தோட்டத்திலிருந்து போனவருக்கு அந்த ஒருவர் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அதை இந்த இழையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

வாத்தியார் ஐயா, ஒரு சிறு வழி உண்டு. 1943-இல் தொழிலாளர் முகாம்களில் காலரா தலைவிரித்தாடியபோது, ஜப்பானியர்கள் சாங்கியிலிருந்து போர்க்கைதி மருத்துவக் குழுக்கள் இரண்டை அனுப்பினார்கள். கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று பெயர். அந்த மருத்துவர்களும் உதவியாளர்களும் பிறகு எழுதிய குறிப்புகளில் எந்த முகாமில் தமிழ்த் தொழிலாளர்கள் இருந்தார்கள், என்ன நோயில் இறந்தார்கள் என்ற செய்திகள் வருகின்றன. பாட்டனாரின் பெயர் கிடைக்காது. ஆனால் எந்தத் தோட்டத்து ஆட்கள் எந்த முகாமுக்குப் போனார்கள் என்று பாட்டி சொன்னது ஏதாவது நினைவிருந்தால், அந்த முகாமின் கதை கிடைக்கலாம். காஞ்சனாபுரியில் வாட் தாவோர்ன் என்ற கோயிலில் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் இருக்கிறது. நான் போய் விளக்கு ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

ஈப்போ வாத்தியார் | புதன், இரவு 8.05

பாட்டி ஒரு முகாம் பெயர் சொல்வார், நாங்கள் ஏதோ உளறல் என்று விட்டுவிட்டோம். என் தங்கை அதை எழுதிவைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு வருகிறேன். ரொம்ப நன்றி அம்மா.

உட்லண்ட்ஸ் 82 | புதன், இரவு 8.30

அக்கா சொன்னது சரி. நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். வாத்தியார் ஐயா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செலேத்தார் வீடு | வியாழன், காலை 9.00

என் பாட்டியின் தம்பியும் இந்திய ராணுவம். சரணடைந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேராதவர். அப்படி மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றி நியூகினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். நாங்கள் பத்து வருடம் கிராஞ்சியிலும் மலேசியாவில் தைப்பிங் போர்க் கல்லறையிலும் தேடினோம். கடைசியில் நியூ பிரிட்டனில் ராபால் பக்கத்தில் பீட்டா பாக்கா போர்க் கல்லறையில் பதிவு கிடைத்தது. சிங்கப்பூரில் பிடிபட்டவர் சிங்கப்பூரில்தான் இறந்திருப்பார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆஸ்திரேலியப் படைகள் 1945-இல் அந்தத் தீவுகளில் மீட்ட இந்தியர்களிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள், யார் எங்கே இறந்தார் என்பது அதில் வரும். ஆஸ்திரேலியப் படைகளின் நாட்குறிப்புகளைக் கான்பெராவில் உள்ள போர் நினைவகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது.

ஈசூன் பேரன் | ஞாயிறு, இரவு 11.40

வார இறுதி முழுக்க இதே வேலை. பெரிய தாத்தாவின் பதிவில் கம்பெனி எண் இருக்கிறது. (அப்பா விருப்பப்படி எண்ணையும் பெயரையும் இங்கே போடவில்லை, தனிச்செய்தியில் கேட்டால் தருகிறேன்.) அந்தக் கம்பெனியில் இறந்தவர்கள் என்று கிடைத்தது இருபதுக்கும் குறைவு. அதில் பாதிக்கு மேல் பிப்ரவரி 15 தேதி. மற்றவை ஜனவரியில் ஒன்றிரண்டாகச் சிதறியிருக்கின்றன. இனி என்ன?

பழைய வரைபடம் | திங்கள், காலை 6.30

இனிதான் நாட்குறிப்பு. ஒவ்வொரு படைப்பிரிவும் போர்க்காலத்தில் தினமும் ஒரு படிவத்தில் எழுத வேண்டும்: இடம், நேரம், நடந்தது, பின்னிணைப்பு. தென்கிழக்காசியப் படைகளின் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. பெரும்பாலானவை இணையத்தில் இல்லை. நேரில் போனால் வாசகர் அட்டை எடுத்து இலவசமாகப் பார்க்கலாம், சொந்தக் கேமராவில் படமும் எடுக்கலாம். போக முடியாதவர்கள் பணம் கட்டி நகல் கேட்கலாம்.

இரண்டு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் நின்ற படைகளின் நாட்குறிப்புகள் பல சரணடையும் முன் எரிக்கப்பட்டன. இப்போது இருப்பவற்றில் பல, அதிகாரிகள் சிறை முகாமில் நினைவிலிருந்து திரும்ப எழுதியவை. அதனால் தேதி ஒரு நாள் முன்பின் இருக்கலாம். சாப்பர் கம்பெனியின் குறிப்பு எரிந்துபோயிருந்தாலும், அது எந்தப் பிரிகேடுக்கு உதவியாகப் போனதோ அந்தப் பிரிகேடின் குறிப்பையும், டிவிஷன் பொறியியல் தலைமையகத்தின் குறிப்பையும் பாருங்கள். பக்கத்தில் நின்ற படையின் குறிப்பில்கூட வரும். மூவார் சண்டையில் 45-ஆம் இந்திய பிரிகேடுக்கு என்ன நடந்தது என்பதில் பாதியை அதனுடன் நின்ற ஆஸ்திரேலியப் பட்டாலியன்களின் குறிப்புகளிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடிகிறது.

இன்னொன்று மனத்தை உறுத்தும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தக் குறிப்புகளில் பிரிட்டிஷ் அதிகாரி இறந்தால் பெயர் இருக்கும். நம் ஆட்கள் இறந்தால் பெரும்பாலும் எண்ணிக்கைதான். 'இந்தியச் சிப்பாய்கள் 3' என்று ஒரு வரி. முதல் தடவை பார்த்தபோது அன்றைக்கு அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கைதான் நமக்குச் சாவி. ஜனவரி 10 அன்று இரண்டு பேர் என்று குறிப்பு சொன்னால், உங்கள் பட்டியலில் அந்தத் தேதிக்கு இரண்டு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொருவர் பிப்ரவரி 15 கூட்டத்தில் ஒளிந்திருக்கிறார்.

ஈசூன் பேரன் | ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 8.15

மன்னிக்கவும், இடையில் எழுத முடியவில்லை. லண்டனில் படிக்கும் என் அக்கா மகள் இரண்டு முறை கியூவுக்குப் போய் வந்தாள். கம்பெனியின் சொந்த நாட்குறிப்பு இல்லை. டிவிஷன் பொறியாளர் கோப்பின் கடைசியில், ஓர் அதிகாரி பிறகு நினைவிலிருந்து எழுதிய நான்கு பக்கம் இருந்தது. பென்சில் எழுத்து.

அதில் 1942 ஜனவரி 24 மாலைக்கு ஒரு பத்தி. ஜொகூரில் யோங் பெங்கிலிருந்து ஆயர் ஹித்தாம் போகிற சாலையில் ஒரு சிறு பாலத்துக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தபோது விமானம் தாக்கியது. ஒரு நாயக்கும் இரண்டு சாப்பர்களும் இறந்தார்கள். ஓடைக்கரையில் புதைத்துவிட்டு, பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கிளம்பினார்கள். பக்கத்தில் ஆறு இலக்க எண் ஒன்று. பெயர்கள் இல்லை.

என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 24-க்கு இரண்டு பெயர், இருவரும் சாப்பர்கள். நாயக் யாரும் இல்லை. அந்தக் கம்பெனியின் மொத்தப் பட்டியலிலும் நாயக் பதவியில் இறந்தவர் ஒரே ஒருவர்தான். பெரிய தாத்தா. தேதி பிப்ரவரி 15.

மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவை எழுப்பினேன்.

தெம்பனிஸ் அக்கா | சனி, இரவு 8.40

தம்பி, உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. அப்பா எப்படி இருக்கிறார்?

பழைய வரைபடம் | சனி, இரவு 9.02

அருமையான வேலை. மருமகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். முகாமில் எழுதியது என்பதால் ஒரு நாள் முன்பின் இருக்குமோ என்று முதலில் யோசித்தேன். ஆனால் மற்ற இரண்டு சாப்பர்களின் அதிகாரபூர்வத் தேதியும் அதே 24 என்பதால் நம்பலாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. போருக்குப் பிறகு ஆங்காங்கே சாலையோரங்களில் இருந்த கல்லறைகளைத் தோண்டி எடுத்துப் பெரிய இடுகாடுகளுக்கு மாற்றினார்கள். உங்கள் தாளில் உள்ள ஆறு இலக்க எண் ராணுவ வரைபடக் கட்டத்தில் ஓர் இடத்தைக் குறிப்பது. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் அதே முறையில் பதிந்திருக்கிறார்கள். தைப்பிங்கில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் அடையாளம் தெரியாதவர்கள். உங்கள் எண்ணுக்கு அருகிலிருந்து பெயர் தெரியாத இந்திய வீரர் யாரையாவது எடுத்தார்களா என்று கிராஞ்சி, தைப்பிங் பதிவுத்தாள்களைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கிறேன். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்தக் கட்டம் இன்றைய ஜிபிஎஸ் எண்ணோடு பொருந்தாது, அதே காலத்து, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான வரைபடத்தை வைத்துத்தான் இடத்தைப் பிடிக்க முடியும். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் பழைய மலாயா வரைபடங்கள் படமாக இருக்கின்றன.

பழைய வரைபடம் | ஒன்பது நாள் கழித்து, காலை 6.20

கிடைத்த தாள்களை எல்லாம் பார்த்துவிட்டேன். அந்த எண்ணிலிருந்தோ, அதைச் சுற்றி ஒரு மைல் வட்டத்திலிருந்தோ யாரையும் எடுத்ததாக அவற்றில் இல்லை. மூவரும் அங்கேயே இருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். பழைய வரைபடத்தில் அந்த ஓடை தெளிவாக இருக்கிறது. இன்றைய படத்தோடு பொருத்திப் பார்த்ததில் சாலை சற்று நகர்ந்திருக்கிறது, ஓடை அதே வளைவில்தான் ஓடுகிறது. படத்தை அனுப்பியிருக்கிறேன்.

நூலகப் பிரியை | அதே நாள், பகல் 12.10

தேதியைத் திருத்தச் சொல்லி ஆணையத்துக்கு எழுதுங்கள். ஆதாரத்தோடு அனுப்பினால் பரிசீலிப்பார்கள். கோப்பு எண், அந்தப் பக்கத்தின் படம், உங்கள் பட்டியல் மூன்றையும் இணையுங்கள். பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட் அலுவலகத்துக்கும் எண்ணோடு ஒரு கடிதம் போடுங்கள், சேர்ந்தபோது எழுதிய தாள் இருந்தாலும் இருக்கும். தூணில் உள்ள பெயருக்கு இதனால் மாற்றம் வராது, தூணில் தேதி கிடையாது. பதிவேட்டில்தான் மாறும். அது மாறாவிட்டாலும் உங்கள் வீட்டுக்குத் தேதி தெரிந்துவிட்டது.

ஈசூன் பேரன் | அடுத்த மாதம், ஞாயிறு, இரவு 10.30

போன சனிக்கிழமை அப்பா, அம்மா, நான், என் மகன் நால்வரும் காரில் போனோம். துவாஸ் வழி. யோங் பெங் தாண்டி, ஐயா அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன். இரண்டு பக்கமும் இப்போது செம்பனைத் தோட்டம். பாலம் என்று சொல்ல முடியாது, சாலைக்குக் கீழே சிமெண்டுக் குழாய். ஓடை மட்டும் ஓடுகிறது, தண்ணீர் தேநீர் நிறம்.

போவதற்கு முன்பு குருக்களிடம் தேதியைக் கொடுத்திருந்தோம். பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, 1942 ஜனவரி 24 தை மாத வளர்பிறை அஷ்டமி, ரத சப்தமிக்கு மறுநாள் என்றார். பீஷ்மாஷ்டமி. பிள்ளை இல்லாமல் போன பீஷ்மருக்கு ஊரே தண்ணீர் விடும் நாள். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "கல்யாணம் ஆகாத மனுஷன், அந்த நாள்லயே போயிருக்காரு" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருடம் பதிவேட்டில் இருந்த பிப்ரவரி 15-ஐ வைத்திருந்தால் அது சீனப் புத்தாண்டு அன்று வந்த அமாவாசை. தவறான திதிக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருப்போம்.

ஓடைக்கரையில் சூடம் ஏற்றினோம். காற்றில் இரண்டு முறை அணைந்தது, என் மகன் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டான். அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டார். பெரிய தாத்தா பெயரைச் சொன்ன பிறகு நிறுத்திவிட்டு, பையிலிருந்த தாளைக் கேட்டார். அந்த இரண்டு சாப்பர்களின் பெயரையும் படித்து, அவர்களுக்கும் விட்டார்.

ஆணையத்துக்குக் கடிதம் போய்விட்டது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. அந்த இருவரில் ஒருவர் வடஆற்காடு ஜில்லா, மற்றவர் திருச்சிராப்பள்ளி ஜில்லா. தகப்பனார் பெயரும் கிராமமும் பதிவில் இருக்கின்றன. அவர்கள் வீட்டிலும் யாராவது மகாளய அமாவாசைக்குத்தான் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து 1942-இல் மலாயாவில் காணாமல் போனவர் என்று உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ பேச்சு இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஓடையின் இடம், படம், அந்த நான்கு பக்கம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.